சார்ஜர் வயரில் வந்த நெட்

சாத்தூர் பக்கத்துப் பட்டாசு கம்பெனி ஒன்றில் லட்சுமிகாந்தம் பதினெட்டு வருடமாக பில் போடுகிறார். கேட்டுக்கு வெளியே, வேலை நடக்கும் கூடங்களிலிருந்து எட்டி, தனியாக நிற்கும் ஓர் அறைதான் அவருடைய அலுவலகம். அன்று மத்தியானம் அங்கே உட்கார்ந்து அவர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். மெயின் ரோட்டில் குழி தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். பதினொரு மணியிலிருந்து கம்ப்யூட்டரில் நெட் இல்லை. உள்ளே ஓசூர் போகவேண்டிய லாரி முழு லோடோடு நிற்கிறது. சரக்கோடு கொண்டுபோக வேண்டிய இ-வே பில்லை நெட்டில்தான் போட முடியும்; அது இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இறங்கும் நேரத்தில், முப்பது பெண்கள் வேலை செய்யும் பேக்கிங் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிறையப் பட்டாசு நிற்கக் கூடாது.

செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போனிலும் ஒரே ஒரு கோடு சிக்னல், அதுவும் வருவதும் போவதுமாக.

கேட்டில் காவலாளி சோலைச்சாமியிடம் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் தொழிலாளிகள் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு வேளையில் வாங்கிப் பேசிக்கொள்ளலாம். பேக்கிங்கில் இருக்கும் முருகம்மாள் அப்படி மகளிடம் பேசி முடித்துவிட்டு அலுவலக ஜன்னலருகே வந்தாள்.

“என்ன அண்ணாச்சி, மொகம் வெளுத்துப் போயிருக்கு?”

“நெட் இல்லம்மா. ஹாட்ஸ்பாட்டும் எடுக்க மாட்டேங்குது. நீ போயிச் சாப்பிடு.”

அவள் போகவில்லை. உள்ளே வந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

“இதுல வைஃபை கெடையாது அண்ணாச்சி. நாள் பூரா ஹாட்ஸ்பாட் போட்டாலும் இதுக்குத் தெரியாது. சார்ஜர் வயரு இருக்கா?”

“சார்ஜர் வயரா? போன்ல சார்ஜ் இருக்கேம்மா.”

“சார்ஜுக்கு இல்ல, நெட்டுக்கு.”

அவர் எடுத்துக் கொடுத்தார். அவருடைய போனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். “ஒங்க சிம்முக்கு இங்கன டவர் இல்ல. என் போன்ல நாலு கோடு நிக்கி.” வயரின் ஒரு முனையைத் தன் போனிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் செருகினாள். செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்துக்குப் போய், போன் நெட்டை வயர் வழியாக அனுப்பும் யூஎஸ்பி டெதரிங் என்பதை விரலால் தள்ளினாள். நெட் இல்லை என்று கம்ப்யூட்டர் மூலையில் காட்டிக்கொண்டிருந்த பெருக்கல் குறி மறைந்தது.

லட்சுமிகாந்தம் அவசர அவசரமாக பில் பக்கத்தைத் திறந்தார். அது பாதி வந்து சுற்றிக்கொண்டே நின்றது. தூரத்தில் முதல் இடி உருண்டது.

“பதறாதீக. காலையிலயிருந்து நெட் இல்லாமக் கெடந்த கம்ப்யூட்டரு. கெடச்சதும் அப்டேட்ட எறக்க ஆரம்பிச்சிருச்சு. விட்டா என் டேட்டா அம்புட்டையும் குடிச்சிரும்.” மவுஸை வாங்கி நாலு இடத்தில் தட்டினாள். இது அளவு நெட், பார்த்துச் செலவழி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். சுற்றல் நின்றது, பக்கம் வந்துவிட்டது.

ஐந்தே நிமிடம். பில்லை அச்செடுத்துக்கொண்டு அவரே கேட்டுக்கு ஓடினார். லாரி மெயின் ரோட்டில் ஏறித் திரும்பியபோது பெரிய பெரிய சொட்டாக மழை விழுந்தது. வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார் போர்மேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த லட்சுமிகாந்தம் முருகம்மாளிடம் கேட்டார்: “இதெல்லாம் எங்கன படிச்சீக?”

“எங்கன படிக்க? கொரோனா சமயத்துல எம் மக அழகுமீனாவுக்கு வகுப்பெல்லாம் போன்லதான. அப்புறம் அவளுக்கு லேப்டாப் கெடச்சுது, வீட்ல நெட் இல்ல. தட்டித் தட்டிப் பாத்தேன். தப்பாப் போனா அணைச்சுட்டுத் திரும்பப் போடுவேன். இப்ப எங்க தெருவுல பென்சன், ரேசன் கார்டு, எல்லாம் நாந்தான் எழுதிக் குடுக்கேன்.”

வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். ஆறு வருடமாக தினமும் இந்த ஜன்னலைக் கடந்துபோகிறவள். நெட் போகும்போதெல்லாம் யாரையாவது சிவகாசியிலிருந்து வரவழைத்துக் காத்துக் கிடந்த நாட்கள் லட்சுமிகாந்தத்துக்கு நினைவு வந்தன. ஒருநாளும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் முதலாளி போனில் கூப்பிட்டு, “சமயத்துல லோடை அனுப்பிட்டீரு, கெட்டிக்காரர்தான்” என்றார்.

“நான் இல்லீங்க. முருகம்மாள்.”

“எந்த முருகம்மாள்?”

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். “அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேளும்” என்றார் முதலாளி.

மறுநாள் கேட்டபோது முருகம்மாள் யோசிக்கவே இல்லை. “சாப்பாட்டு நேரத்துல இந்தக் கம்ப்யூட்டர எனக்கு விடுங்க. நம்ம பேக்கிங் பிள்ளைக பாதிப் பேரு தொழிலாளர் நலவாரியத்துல பதியவே இல்ல. போன்ல அந்தப் பக்கம் ஒழுங்காத் தெறக்காது.”

கேபிள் சரியாக இன்னும் நாலு நாள் ஆனது. அதற்குள் அவள் போன் நெட்டிலேயே ஒன்பது பெண்கள் பதிந்துவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களின் ஆதார் அட்டைகளை வாங்கி, வரிசை கலையாமல் மேசையில் அடுக்கிக் கொடுத்தவர் லட்சுமிகாந்தம்.