அம்ராமின் இடத்தில் உட்கார்ந்தவன்

யூதர் தெருவில் ஆட்களை எண்ணுவது ஆகாது. எண்ணினால் உயிருக்குக் கேடு. தொழுகைக்குப் பத்து ஆண்கள் சேர்ந்தாயிற்றா என்று பார்க்க, பத்துச் சொல் கொண்ட வேத வரி ஒன்றைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார் ரப்பி மிமூன். கடைசிச் சொல் விழ ஒரு தலை இருந்தால் போதும்.

தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டியவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். மிஞ்சிய ஆண்கள் பத்தே பேர். அவர்களில் ஒருவன் சேணம் தைக்கும் அம்ராம்.

அவன் மகன் யாயிஷ் கிணறு தோண்டும்போது செத்தான். மூன்று வருட வறட்சிக்குப் பிறகு ஊற்று பீறிட்ட அதே நொடியில் பக்கச் சுவர் சரிந்தது. பத்தொன்பது வயது. அடக்கத்தின்போது சட்டையைக் கிழித்துக்கொண்டு, தீர்ப்புச் சொன்னவனை, அதாவது கடவுளை, வாழ்த்த வேண்டும். அம்ராம் சட்டையைக் கிழித்தான். வாயைத் திறக்கவில்லை. ஏழு நாள் துக்கத்தில் வீட்டுக்கே வந்து தொழுதார்கள். காதிஷ் சொல்லும் நேரம் வந்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

செத்தவருக்காகச் சொல்வதுதான் காதிஷ். ஆனால் சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. கடவுளின் புகழ் மட்டும்தான். செத்தவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறுவான் என்பார்கள். மகனுக்குத் தகப்பன் முப்பது நாள் சொல்ல வேண்டும்.

“உன் பிள்ளையால ஊருக்கே தண்ணி வந்துச்சு” என்று ஆறுதல் சொன்னவர்களை அம்ராம் வாசலோடு அனுப்பினான். எட்டாம் நாளிலிருந்து சாயங்காலத் தொழுகைக்குப் போகாமல் அந்தக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தான். தான் போகாவிட்டால் பத்துப் பேர் தேறாது, கடவுளுக்குத் தொழுகை இல்லை. அதுதான் அவனுக்கு வேண்டும்.

முப்பதாம் நாள் மதியம் செருப்புத் தைக்கும் பின்ஹாஸ் அவனைத் தெருவில் மடக்கினான்.

“ஏம்ப்பா அம்ராம், தெனமும் தொழுகைக்கு வர்ற, ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற. கல்யாணப் பொண்ணு மாதிரி தலைய மூடிக்கிட்டு உக்காந்திருக்க.”

“நான் எங்க வந்தேன்?”

“நீ வரலன்னா பத்தாவது ஆளு யாரு, உன் கழுதையா? குளிச்சுட்டுத் துவட்டாமயா வர்ற? உன் பெஞ்சுலேருந்து ஒழுகுன தண்ணி நேத்து என் செருப்ப நனச்சிருச்சு. புதுச் செருப்புய்யா!”

அம்ராம் வீட்டுக்கு நடந்தான். ஆணியில் அவனுடைய பழுப்பு அங்கி இல்லை.

“என் அங்கி எங்க?”

மனைவி ஃப்ரெஹா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “நீங்கதானே தெனமும் போட்டுட்டுப் போறீங்க? ராத்திரி ஈரத்தோட தொங்குது. கேட்டா எரிஞ்சு விழுவீங்கன்னு கேக்கல.”

ஜெபக்கூடத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்ராம் வெளியே நின்றான். உள்ளே ரப்பி சொல் சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிச் சொல் அம்ராமின் இடத்தில் விழுந்தது. அங்கே பழுப்பு அங்கியில், முகம் மூடி, ஒருவன் இருந்தான். துக்கக்காரனின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அங்கியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே வெறும் பாதங்கள். இடது பெருவிரலில் நகம் இல்லை. பன்னிரண்டு வயதில் கடப்பாரை விழுந்த விரல்.

தகப்பன் இடத்தில் மகன் உட்காரக் கூடாது என்பது சட்டம். யாயிஷ் விளையாட்டுக்குக்கூட ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

தொழுகை முடிந்தது. “அம்ராம், இன்னைக்குக் கடைசி நாளுப்பா” என்றார் ரப்பி. “இன்னைக்காவது சொல்லு.”

பழுப்பு அங்கி எழுந்தது. மூடியிருந்த துணிக்குள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. தாடை வழியாக, மார்பு வழியாக, நிற்காமல் வந்தது. கடவுளைப் புகழ்வது உயிருள்ளவர்களின் வேலை. செத்தவர்களால் அது ஆகாது.

மற்ற எட்டுப் பேரும் தலை குனிந்து காத்திருந்தார்கள்.

உள்ளே போனால் இடம் அம்ராமுடையது. மகன் போய்விடுவான். போகாவிட்டால் இருட்டுவதற்குள் முப்பது நாளும் முடிந்துவிடும். மேலே ஏற வழியில்லாமல் யாயிஷ் கிணற்றுக்குத்தான் திரும்ப வேண்டும். வாசலிலேயே நின்று, அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மகன் ஏன் சாக வேண்டும் என்று அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. தன்னிடம் கேட்கப்படுவது என்ன என்று மட்டும் விளங்கியது.

சட்டையின் கிழிசலைப் பிடித்துக்கொண்டு, முப்பது நாளாக விழுங்கி வைத்திருந்த வாழ்த்தை வாசற்படியில் நின்று சொன்னான். தீர்ப்புச் சொன்னவனை வாழ்த்தினான். பிறகு உள்ளே கால் வைத்தான்.

தகப்பன் வந்தால் மகன் ஒதுங்கி வழிவிடுவது வழக்கம். பழுப்பு அங்கி ஓர் அடி ஒதுங்கியது. அடுத்த அடியில் அது வெறும் துணியாகத் தரையில் விழுந்தது. நிமிர்ந்த பின்ஹாஸ் அம்ராமைத்தான் பார்த்தான், அவன் காலடியில் இருந்த அங்கியை அல்ல.

அம்ராம் ஈரத்தில் நின்று காதிஷ் சொன்னான். ஆமென் என்ற குரல்கள் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்தவை: ரப்பி, பின்ஹாஸ், மற்றவர்கள். இன்னொரு குரலுக்காகக் காது கொடுத்தான்.

அது வரவில்லை. அடுத்த வரியைச் சொன்னான்.