அடுப்புக்கு மேலே இருந்த கேசட்

கேசட் அப்பளம் போல வளைந்திருந்தது.

"மழைக்காலம்லா மருமவனே. பூசணம் பூத்துரும்னு அடுப்புக்கு மேல வச்சேன்," என்றாள் அன்னாள்.

மரியஜோசப் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். பீர்மேட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனி பிறந்தால் தீப்பெட்டி, உப்பு, ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் அடுப்புக்கு மேலே தொங்கும் மூங்கில் தட்டுக்குப் போய்விடும். அவனுடைய பி.ஏ. சான்றிதழும் அங்கேதான் புகையேறிக் கிடந்தது. கெட்டுப்போகக் கூடாததைத்தான் மாமியார் அங்கே வைப்பாள்.

கேசட்டில் இருந்தது அவன் மனைவி இன்பமேரியின் குரல். குவைத்தில் இருக்கும் அவள் அண்ணன் சூசையப்பன், கடிதம் வேண்டாம், பேசி அனுப்பு என்று டேப் ரிக்கார்டர் கொடுத்துவிட்டிருந்தான். பேசிப் பதிந்தாள். அனுப்புவதற்குள் மஞ்சள் காமாலை வந்து மாசியில் போய்விட்டாள். அடக்கத்துக்கு வர முடியாத சூசையப்பன் இப்போது கேசட்டைக் கேட்டு ஆள் விட்டிருந்தான். கம்பம்மெட்டுக்காரர் ஒருவர் திங்கட்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார்.

"இருக்கது இது ஒண்ணு. அவனுக்குக் குடுத்துட்டு நான் எதைக் கேக்க?" என்றாள் அன்னாள். மரியஜோசப் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று நினைத்ததில்லை. இன்பமேரி போனதிலிருந்து அவன் எதையும் பெரிதாக நினைத்ததில்லை. எஸ்டேட் ஆபீசுக்குப் போனான், வந்தான். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கேசட்டை எடுத்துப் போனான்.

பஸ் நிற்கும் இடத்தில் ரேடியோ கடை வைத்திருந்த மொக்கையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன சார், சுட்டுத் திங்கப் பாத்தீகளா?"

"என் வீட்டுக்காரி பேசினது."

மொக்கையன் பிறகு சிரிக்கவில்லை. பழைய பாட்டுக் கேசட் ஒன்றைத் திறந்து காலியாக்கி, நாடாவை அதற்குள் மாற்றினான். அங்கங்கே நாடா சுருங்கியிருந்தது.

"ஒரு தடவ ஓடும். மறு தடவைக்கு நான் பொறுப்பில்ல. ஓடுறப்பவே இன்னொரு மிசின்ல பிடிச்சுக்கிடுங்க. இங்க வச்சுப் பிடிச்சா ஜீப்புச் சத்தந்தான் விழும். வீட்டுல யாரும் வாயத் தொறக்கப்பிடாது சார், தும்முனாலும் விழுந்துரும்."

சத்தத்துக்கு ஏற்ப முள் ஆடும் தன் ரிக்கார்டரையும் புதுக் கேசட்டையும் பையில் போட்டுக் கொடுத்தான்.

தகரக் கூரையில் மழை ஓயக் காத்திருந்தார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் விட்டது. அன்னாள் சேவலைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலின் மேல் இரண்டு ரிக்கார்டர் பெட்டிகளையும் எதிரெதிரே வைத்து, இரண்டின் பொத்தானையும் மரியஜோசப் ஒன்றாக அழுத்தினான்.

"அண்ணே, நல்லாருக்கியா? இங்க எல்லாரும் சுகம். நீ குடுத்துவிட்ட சேலைய அம்மா உடுத்த மாட்டேங்கா. பொட்டிக்குள்ள வச்சு வச்சுப் பாக்கா."

சுருங்கிய இடங்களில் குரல் தண்ணீருக்குள் போய் வந்தது. முள் ஆடுவதையே அவன் பார்த்தான். இவ்வளவு வேகமாகவா பேசுவாள் என்று மட்டும் தோன்றியது.

"யம்மா, அடுப்புல என்னமோ கருகுது பாரு."

"எறக்கிட்டேன்டீ," என்றாள் அன்னாள்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். முள் அவளுக்கும் ஒரு முறை ஆடி அடங்கியது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாடா மறுபடி நகருமா என்று தெரியவில்லை. சூசையப்பன் அம்மாவையும் கேட்டுக்கொள்ளட்டும்.

"ஏங்க, அண்ணன்ட்ட ரெண்டு வார்த்த பேசுங்க. சும்மா தலைய ஆட்டாதீங்க. தலைய ஆட்டுனா குவைத்துல கேக்குமா?"

சிரித்தாள். அதன் பிறகு பெட்டியில் வெறும் இரைச்சல். அன்று அவள் பெட்டியை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரமா பிடித்துக்கொண்டிருந்தாள்?

நாடாக்கள் இரண்டும் சுற்றின. முள் இடது ஓரத்தில் படுத்துக் கிடந்தது. பொத்திய கைக்கு மேலாக அன்னாளின் கண்கள் அவனைப் பார்த்தன.

தரையில் முழங்காலை ஊன்றி, புதுக் கேசட் ஓடும் பெட்டியின் பக்கம் குனிந்தான். உதடு ஒட்டியிருந்தது. பிரித்தான். கூரையில் முதல் துளி விழுந்தது. முள் அவனுக்கும் எழுந்து, விழாமல் நடுங்கியது.