மகாராணி பழக்கிய கை

பணி ஓய்வுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கும்போதே டர்னர் வீட்டின் பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். உடைந்த கட்டில், பூட்டுப் போன பெட்டிகள், யாரும் ஓட்டாத சைக்கிள் எல்லாம் வெளியே போயின. தரையைக் கொத்தி, கான்கிரீட் போட்டு, மட்டம் பார்த்து, அதன்மேல் இரும்பு கடையும் லேத் ஒன்றை இறக்கினார். சின்னதுதான், ஆனால் புத்தம்புதிது. துணி வைக்க ஓர் அலமாரி கேட்டுப் பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த அவர் மனைவி, இதற்கு ஒரே வாரத்தில் தனி அறை கிடைத்ததைப் பார்த்து அந்த அறைக்குச் 'சின்னவீடு' என்று பெயர் வைத்தாள்.

லேத்தில் கடைகிறவரை டர்னர் என்பார்கள், அதுவே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. இருபத்தாறு வருடம் அவர் பிழைப்பு ஓடியது தொழிற்சாலையில் மூன்றாம் வரிசைக் கடைசியில் நிற்கும் பெரிய லேத்தில். அதற்கு மகாராணி என்று பெயர். காலையில் கால்மணி நேரம் சும்மா சுற்றவிட்டால்தான் வேலைக்கு இறங்குவாள். மனசு சரியில்லை என்றால் பெல்ட்டை உதறிவிடுவாள். காலை ஷிப்டில் டர்னர், மாலை ஷிப்டில் பஞ்சு. எண்ணெய் துடைக்கிற பஞ்சு எந்நேரமும் கையில் இருந்ததால் வந்த பெயர் அது. ஒருவர் அணைத்துவிட்டு நகர்வார், மற்றவர் துடைத்துவிட்டு ஓடவிடுவார். நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில்தான் இரண்டு கல்யாணம், நாலு பிரசவம், ஒரு சாவு எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் டர்னருக்கு இப்போதும் சூடான எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். உலகத்தில் அதைவிட நல்ல வாசனை இருப்பதாக யார் சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

புது லேத்தில் முதல் வேலையாக ஒரு சாண் நீள இரும்புத் தண்டைக் கடைந்தார். மைக்ரோமீட்டரை வைத்துத் தடிமனை அளந்து பார்த்தால், தண்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் பக்கம் மட்டும் ஒரு மயிரிழை மெலிந்திருந்தது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று. வேறு யாராவது என்றால் கண்டுகொள்ளவே மாட்டார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் லேத்தை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார். மட்டம், மையம், நேர்கோடு எல்லாம் கச்சிதம். திரும்பக் கடைந்தார், திரும்ப அதே மூன்று. மூன்றாவது தண்டும் அப்படியே. மெஷின் சரி என்றால் கோளாறு யாரிடம் என்று சொல்ல ஆள் தேவையில்லை.

கை போய்விட்டது என்று முடிவு கட்டினார். ஓய்வுக்குப் பிறகும் தான் டர்னராகவே இருக்கலாம் என்று நம்பியதை நினைக்க வெட்கமாக இருந்தது. விற்றவருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வந்து மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மனைவியிடம் இடம் போதவில்லை என்றார். அவள் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அறையைச் சின்னவீடு என்று கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஞ்சு வந்து நின்றார். டர்னரைவிட இளையவர் என்றாலும் அவர் விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருடம் ஆகிவிட்டது. லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், கைப்பிடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் தயங்கித் தயங்கி, ஒரே ஒரு தண்டு கடைந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். நாளைக்குப் போகப்போகிற மெஷின்தானே என்று டர்னர் விலகி நின்றார்.

பஞ்சு நிதானமாகக் கடைந்தார். அணைத்தார், துடைத்தார், அளந்தார். முகம் விழுந்துவிட்டது. தண்டைக் கொடுக்க மனமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். டர்னர் பிடுங்கி அளந்தார். சக்கின் பக்கம் மெலிவு. நூறில் மூன்று.

"ஒரு வருஷமா தொடாம இருந்துட்டேன்ல, கை போயிடுச்சுண்ணே" என்றார் பஞ்சு.

டர்னர் மேசை டிராயரைத் திறந்து தன்னுடைய மூன்று தண்டுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். பஞ்சு ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு முதல் தண்டிலிருந்து இன்னொரு முறை அளந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவாவாடா கை போகும்?" என்றார் டர்னர்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாக உறைத்தது. வெட்டும் டூல் நகர்ந்து போகிற மகாராணியின் படுகை சக்கின் பக்கத்தில் தேய்ந்திருந்தது. இவர்கள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தேய்ந்தது. அந்த இடம் வந்ததும் டூல் லேசாகப் பின்வாங்கும், தண்டு அங்கே தடித்துவிடும். அதனால் கடைசி வெட்டில் அங்கே வரும்போது கைப்பிடியை ஒரு மயிரிழை உள்ளே தள்ள வேண்டும். முதல் வருடம் யோசித்துத் தள்ளினார்கள். பிறகு கை தானாகவே தள்ளியது, தள்ளுவதையே மறந்துபோனார்கள். கோணல் இல்லாத இந்தப் புது மெஷினிலும் இரண்டு கைகளும் அவளுக்காகத்தான் தள்ளியிருக்கின்றன.

டர்னர் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு மனைவி வாசலில் வந்து பார்த்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை போகவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். இன்னும் சில நாளில் அந்தப் பொல்லாதவளை விட்டுவிட்டு வர வேண்டுமே என்ற துக்கம், இத்தனை நாள் எங்கே இருந்ததோ, அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

"நாளைக்கு வர்றவர்கிட்ட என்ன சொல்றது?" என்று அவள் கேட்டாள்.

"வர வேண்டாம்னு சொல்லிடு."

அவர் புதிய தண்டு ஒன்றைச் சக்கில் மாட்டினார். கை சும்மா இருக்குமா என்று அவருக்கே சந்தேகம். பஞ்சு அருகில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஓடுகிற லேத்தின் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பது அதுதான் முதல் தடவை. டூல் சக்கை நெருங்கியது. பஞ்சுவின் பிடி இறுகியது.

"தள்ளுறீங்கண்ணே."

"இல்லியே."

"தள்ளுறீங்க. எனக்குத் தெரியுது."

டர்னர் மூச்சை அடக்கிக் கையைத் தளர விட்டார். அணைத்துவிட்டு அளந்தபோது, இரண்டு முனையும் ஒரே அளவு. மகாராணியை மறந்து கடைந்த முதல் தண்டு அது. சரியாக வந்த அந்தத் தண்டைப் பார்த்து இரண்டு பேருமே சந்தோஷப்படவில்லை. பிறகு டர்னர் அதைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை மாட்டினார்.

"இப்ப உன் கையைக் கொடு" என்றார்.