மல்லிக்கு ஒரு வாய் அசை

மாட்டுப் பொங்கலன்று காலையில் கொம்புக்கு அடிக்கப் பெயின்ட் டப்பாவோடு போனேன். என் மல்லி எழுந்திருக்கவில்லை. இடப்பக்கம் வயிறு உப்பி, மூக்கைத் தரையில் வைத்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது.

எங்கள் தெருக்காரர்களை என்னவென்று சொல்ல! மல்லி தினமும் காலையில் ஒரு சுற்றுப் போய்வரும் மாடு. திருவொற்றியூர் குப்பத்தில் அதற்குத் தெரியாத வாசல் கிடையாது. முந்தின நாள் பொங்கலுக்கு வாசலுக்கு வாசல் சர்க்கரைப் பொங்கலைச் சட்டியோடு வைத்துவிட்டார்கள். மாட்டுக்குப் போட்டால் புண்ணியமாம். அவர்கள் புண்ணியத்தில் இடி விழ!

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மகிழினி லீவு நாள் என்று பாராமல் ஸ்கூட்டரில் வந்தார். மல்லியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஊசி போட்டார். சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார். அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"செங்கொடிம்மா, மாடு தானா வைக்கோலைச் செரிக்கிறதில்ல. வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. எல்லாம் நல்ல கிருமிங்க. மாடு அதுங்களுக்கு எடமும் தீனியும் குடுக்குது. அதுங்க வைக்கோலச் சத்தா மாத்தி மாட்டுக்குக் குடுக்குது. சர்க்கரையும் சோறும் மொத்தமா உள்ள போனதுல வயிறே புளிச்சுப்போய், அதுங்க செத்துப்போச்சு. இப்ப மல்லி வயித்துல யாருமில்ல."

"கடையில விக்குமா டாக்டரம்மா? நான் ஓடிப்போயி வாங்கினு வரேன்."

"இன்னொரு மாட்டு வயித்துலேர்ந்துதான் வரணும். மாடு வெட்டற ஆட்டுத்தொட்டியில கேக்கலாம். இன்னைக்கு அங்க லீவு. நாளை வரைக்கும் இது தாங்காது. நல்லா வைக்கோல் தின்கிற மாடு அசை போடறப்போ, வாயிலேர்ந்து அந்த அசையை எடுத்துக் கரைச்சு ஊத்தலாம்."

வைக்கோல் தின்கிற மாடு! குப்பத்தில் மற்றதெல்லாம் போஸ்டரும் ஓட்டல் சோறும் தின்கிறவை. வைக்கோல் தின்பது ஒன்றே ஒன்று, பின்தெரு பட்டம்மாளின் ராணி. பட்டம்மாளும் நானும் பேசி வருஷக்கணக்காகிறது. அவள் என் பால் வாடிக்கையைக் கலைத்தாள் என்று எனக்குக் கோபம். அவள் பாலில் பாதி தண்ணீர் என்று நான் ஊரெல்லாம் சொன்னதில் அவளுக்குக் கோபம். போனால் போகட்டும், மானமா மாடா என்று டாக்டரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ராணி கொட்டகையில் படுத்து நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பட்டம்மாள் என் பக்கம் திரும்பாமல் மாட்டிடம் பேசினாள்.

"கேட்டியாடி ராணி? உன் வாயில கைவுட்டுப் புடுங்க வந்துகீறாங்கோ. ஊரு சுத்தி மேய வுட்டவ மாட்டுக்கு நீ சோறு தரணுமாம்."

"ராணி, உங்கம்மா கையில சொல்லு," என்றேன் நானும் மாட்டைப் பார்த்தே. "சண்ட என்னோட. மல்லி இன்னா பண்ணிச்சி?"

"சினை மாடு இது," என்று பட்டம்மாள் டாக்டரிடம் திரும்பினாள். "அசையப் புடுங்கினா மாடு துரும்பாப் பூடும்னு எங்கூட்ல சொல்லுவாங்கோ. நீங்கோ கெளம்பிப் போய்டுவீங்கோ. நாளிக்கு இது படுத்துகிச்சின்னா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அது வயித்துல அவ்ளோ இருக்கு. ரெண்டு மூணு வாய் எடுத்தாலும் மறுபடி பெருகிடும்."

பட்டம்மாள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். பிடித்தால் மல்லி செத்துவிடும். அதனால் அவள் கொட்டகை வாசலில் சாணியின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"பட்டக்கா," என்றேன். நேராக அவள் முகத்தைப் பார்த்தேன். "நீ குடுக்காம நான் எயுந்திரிக்க மாட்டேன். உன் ராணிக்கு ஒண்ணு ஆச்சின்னா என் மல்லிய நீயே வச்சிக்கோ."

"சாவப்போற மாட்ட வச்சிகினு நான் இன்னாடி பண்றது?"

"அப்ப சாவ வுடாத!"

பொறுக்க மாட்டாமல் நானே எழுந்து ராணியின் வாயைப் பிடிக்கப் போனேன்.

"தள்ளு! கடிச்சி வெச்சிடும்," என்று பட்டம்மாள் என்னை ஒதுக்கினாள். "அது வாயில என் கைதான் போவும்."

ராணியின் காதோரம் என்னவோ சொன்னாள். தொண்டையில் உருண்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, டக்கென்று நாக்கைப் பக்கவாட்டில் இழுத்து, கையை விட்டு, பச்சையாகக் குழைந்த அசையை அள்ளினாள். ராணி ஒரு முறை தலையை உதறியது. டாக்டர் சொன்னபடி வெதுவெதுப்பான நீரில் கரைத்தோம். மல்லிக்கு மூங்கில் குழாயில் ஊற்றியதும் பட்டம்மாள்தான். சாயங்காலத்துக்குள் மறுபடியும் இரண்டு தடவை தூக்குவாளியோடு அவளே வந்தாள். என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை மல்லி எழுந்து நின்றது, அவ்வளவுதான். வைக்கோலை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பியது. வயிற்றில் சத்தமே இல்லை. எனக்கு நம்பிக்கை போயிற்று. ஆனாலும் பட்டம்மாள் வந்தாள், ஊற்றினாள், போனாள். மத்தியானமும் வந்தாள்.

பொழுது சாய்கிற நேரம் மல்லியின் இடப்பக்க விலாவில் காதை வைத்தவள், "ஷ்ஷ்" என்று கையைக் காட்டினாள். நானும் காதை வைத்தேன். உள்ளே குடுகுடுவென்று ஓடியது. மல்லி ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கழுத்தில் ஓர் உருண்டை மேலே ஏறியது. தாடை இடமும் வலமுமாக அசைய ஆரம்பித்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"அடச்சீ, இன்னாத்துக்கு ஒப்பாரி வெக்கிற?" என்றாள் பட்டம்மாள். அவள் குரலும் சரியாக இல்லை. "பசியோட கீது பாரு. போய் வைக்கோல் அள்ளினு வா. என் போர்லேர்ந்து எடு."