டிஃபரன்ஷியலில் சிக்கிய ஆரஞ்சு நூல்

அன்று காலை ஷுவைக் தொழிற்பேட்டையில் ஹகோப்பின் கார் பட்டறையில் இருந்தவர்கள்: வண்டியை விற்ற என் மகன் ஜர்ராஹ், அதை வாங்கிய அவன் நண்பன் தாமிர், தாமிரின் சித்தப்பா அபூ ஃபலாஹ், பட்டறைக்காரர் ஹகோப், நான். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எதையும் பார்க்கவில்லை.

அல்-ரவீஹ் வீட்டார் நாங்கள் தலைமுறை தலைமுறையாக விற்பவர்கள். முத்து விற்றோம், மரம் விற்றோம், இப்போது இரும்பு விற்கிறோம். குறையைச் சொல்லாமல் எதையும் விற்றதில்லை. ஜர்ராஹ் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலத் தொடக்கத்தில் தாமிருக்குக் கொடுத்தான். குளிர் முடிவதற்குள் அதன் பின்பக்கத்தில் இரண்டு சத்தங்கள் வந்துவிட்டன. கியர் மாற்றினால் ஒரு இடி. வேகம் எடுத்தால் ஒரு ஊளை. அபூ ஃபலாஹ், ஆண்கள் கூடிப் பேசும் தன் வீட்டுத் திவானியாவில், கையில் காபிக் கோப்பையோடு, இருபது பேர் காதுபட, "தடிச்ச எண்ணெய ஊத்தி சத்தத்த அமுக்கி நம்ம பையன் தலைல கட்டிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நான் அவருக்குப் போன் செய்தேன். "ஹகோப் திறக்கட்டும், நாம ரெண்டு பேரும் பக்கத்துல நிப்போம். தடிச்ச எண்ணெய் இருந்தா உங்க திவானியாவுக்கே வந்து எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டு வண்டியத் திரும்ப எடுத்துக்கறேன். இல்லைன்னா, சொன்ன வாயாலயே நீங்க மாத்திச் சொல்லணும்."

"சரி" என்றார். சலாம்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் ஹகோப். பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனியர், பெரிய குரல், யாருக்கும் பயப்படாதவர். தாமிர் ஓட்டினான், ஹகோப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னிருக்கை குழந்தைகளுக்குக்கூடப் பற்றாது. அதில் நானும் அபூ ஃபலாஹும் பேச்சுவார்த்தை இல்லாமல், முழங்கால்கள் இடித்துக்கொள்ள, நுழைந்துகொண்டோம்.

"பின்னால ரெண்டு ஷேக்குங்களும் உயிரோட இருக்கீங்களா?" என்றார் ஹகோப்.

"வேலையப் பாரு" என்றோம் இருவரும் ஒரே சமயத்தில்.

ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு வந்ததும் இருக்கைக்கு அடியில் டொக்கென்று ஒரு அடி. சாலையில் வேகம் எடுத்ததும் ஊளை எழுந்தது, வேகத்தோடு சேர்ந்து ஏறியது.

"கால எடு" என்றார் ஹகோப். ஊளையின் குரல் மாறியது. "மிதி." பழைய குரல் திரும்பி வந்தது. "நியூட்ரல்ல போடு." கிட்டத்தட்ட அடங்கிப்போனது. "இப்ப இடது வலதுன்னு லேசா வளை." மாற்றமே இல்லை.

"சக்கர பேரிங்கா இருந்தா வளைக்கும்போது குரல் மாறும். டயரா இருந்தா ரோடு மாறும்போது மாறும். இது ரெண்டையும் மதிக்கல, கால் சொல்றத மட்டும்தான் கேக்குது."

நான் வந்த காரியம் வேறு. ஆனாலும், "இன்னொரு தடவ கால எடுக்கச் சொல்லு" என்றேன். அபூ ஃபலாஹும் தலையை முன்னால் நீட்டிக் கேட்டார்.

பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்களை அந்தரத்தில் ஓடவிட்டார் ஹகோப். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் வைத்து, பிடியை என் காதோரம் அழுத்தினார். சீரான முனகல். பிறகு பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டியில், அதுதான் டிஃபரன்ஷியல், முனையை வைத்தார். காபிக்கொட்டை அரைக்கும் சத்தம் என் எலும்புக்குள் கேட்டது.

"குடுங்க, நானும் கேக்கறேன்" என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினார் அபூ ஃபலாஹ்.

வண்டியை நிறுத்தி, கடப்பாரையால் பெட்டியை நெம்பினார் ஹகோப். அது இரண்டு விரல் உயரம் எழும்பி, விட்டதும் விழுந்தது. டொக். பெட்டியைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. இடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து எண்ணெய் ஊற்றும் திருகைக் கழற்றி விரலை விட்டார். விரல் காய்ந்தே வெளியே வந்தது. அடித் திருகையும் திறந்தார். காபிக் குடுவை நிறையும் அளவுகூட வடியவில்லை. அதை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"தடிச்ச எண்ணெயா? ஊத்த வேண்டிய எண்ணெய்தான் இது. ஆனா முக்கால்வாசியக் காணோம். எண்ணெய் இல்லாத பல்லு ஊளையிடாம என்ன செய்யும்?"

"அப்ப வத்திப்போன வண்டிய வித்திருக்காங்க!" என்றார் அபூ ஃபலாஹ்.

நான் ஜர்ராஹைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவசரப்படாதீங்க" என்றார் ஹகோப். விளக்கைக் கிட்டே பிடித்தார். "ரப்பர் கிழிஞ்ச இடம் இன்னும் பளபளன்னு இருக்கு. பழைய கிழிசல் இல்ல. பின்மூடி ஒரு பக்கமா இழுபட்டு, அந்தச் சந்துல எண்ணெய் கசிஞ்சு மணலோட கட்டி தட்டியிருக்கு. யாரோ இந்தப் பெட்டியப் பிடிச்சே வண்டிய இழுத்திருக்காங்க." போல்ட்டில் சிக்கியிருந்த எதையோ நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஆரஞ்சு நிற நூல்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலம் பாலைவனத்தில் கூடாரம் போடப் போகும்போது எங்கள் லேண்ட் குரூஸருக்கு ஆரஞ்சு நிற இழுவைப் பட்டை வாங்கியவன் நான்தான். மற்றவர்களுக்கு அது ஒரு நூல், அவ்வளவுதான்.

"ஜர்ராஹ், இது நம்ம பட்டை" என்றேன்.

"ஆமா வாப்பா."

"யார் கட்டினது?"

"நான்தான்."

"எப்போ?"

அபூ ஃபலாஹின் மீசை நிமிர்ந்தது. "வாயத் திற" என்றேன்.

"மன்னிச்சிடுங்க வாப்பா. அத நான் சொல்ல முடியாது."

இத்தனை வயதில் நான் கை ஓங்கியது அன்று ஒருமுறைதான். அதற்குள் தாமிர் குறுக்கே வந்து நின்றான்.

"பெரிய வாப்பா, நான் சொல்றேன். வண்டி வாங்கினப்புறம் உங்க கூடாரத்துக்கு விருந்துக்கு வந்தேன்ல, அன்னிக்கு கெட்டி மண்ண விட்டு இறங்கிட்டேன். வயிறு வரைக்கும் மணல்ல புதைஞ்சுபோச்சு. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா பெருநாள் வரைக்கும் சிரிப்பாரு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

"ஸ்போர்ட்ஸ் கார மணல்ல இறக்கினியாடா, கழுத?" என்றார் சித்தப்பா.

"அதான் சொல்லாதேன்னேன்."

எங்கள் பாலைவன வண்டிகளில் இழுவைக் கொக்கி எப்போதும் பின்னாலேயே தொங்கும். இந்த வண்டியில் பம்பரின் சின்ன மூடியைத் திறந்து, டிக்கியில் கிடக்கும் கொக்கியை எடுத்துத் திருக வேண்டும். நான்கு வருடம் ஓட்டிய ஜர்ராஹுக்கு அது தெரியவில்லை. குனிந்து பார்த்து, உள்ளதிலேயே கனமான இரும்பில் கட்டி இழுத்துவிட்டான்.

"சத்தத்துக்கு அதுதான் காரணம்னு எனக்குத் தெரியாது வாப்பா" என்றான்.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

விருந்தாளியின் வெட்கம் கூடாரத்தைத் தாண்டக் கூடாது. ஊர் முழுக்கத் தன் பேர் கெட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

"ரிப்பேர் எங்களுது" என்றேன் அபூ ஃபலாஹிடம். "எங்க விருந்தாளியோட வண்டி. எங்க கை கட்டின பட்டை."

"அதெல்லாம் முடியாது. மணல்ல இறக்கினது எங்க கழுத."

"கட்டினது எங்க கழுத."

"ஊளை கேட்டும் ரெண்டு மாசம் ஓட்டினது எங்க கழுத!"

"முதல்ல ரெண்டு பேரும் வண்டிக்கு அடியிலேருந்து வெளிய வாங்க" என்றார் ஹகோப். "என் லிஃப்டும் பழசு."

கடைசியில் அவரே பங்கு பிரித்தார். கிழிந்த ரப்பரும் பின்மூடியும் எங்கள் பொறுப்பு. எண்ணெய் இல்லாமல் ஓட்டித் தேய்ந்த பேரிங்குகள் அவர்கள் பொறுப்பு. பல்சக்கரங்கள் தப்பித்துவிட்டன. அன்று மாலை அபூ ஃபலாஹ் தன் திவானியாவில், அதே இருபது பேர் காதுபட, தான் சொன்னது தவறு என்றார். மணல் கதையைச் சொல்லவில்லை. நானும் சொல்லாமல்தான் இருந்தேன். பிறகு தாமிரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டதால்தான் இங்கே எழுதுகிறேன்.

குறையுள்ள வண்டி என்பதால் அல்-ரவீஹ் வீட்டார் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று சால்மியா பக்கம் பேச்சு. எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி தாமிரிடம்தான் இருக்கிறது. சத்தம் இல்லை.