அட்டையில் எழுதிய எடை

தம்பி வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தது என்றால் அது போலியாகத்தான் இருக்கும். உலகத்தில் அக்கா சந்தேகப்படாமல் நம்பிய விஷயம் அது ஒன்றுதான்.

வீட்டில் அவளுக்குப் பெயர் சல்லடை. ஏல நிறுவனம் ஒன்றில் பழங்காசுகளைப் பரிசோதிக்கும் வேலை, பதினெட்டு வருடமாக. எதையும் சலித்துப் பார்க்காமல் கையில் வாங்க மாட்டாள். "என்னையே மூணு தடவை எடை போட்டுட்டுத்தான் கழுத்தை நீட்டினா" என்று அவள் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தம்பி நேர்மாறு. இயந்திர உதிரிபாகம் விற்பவன்; மாதத்தில் பாதி நாள் வெளியூர், வெளிநாடு. போகிற இடமெல்லாம் யாராவது அவன் தலையில் மிளகாய் அரைத்து அனுப்புவார்கள். அசல் தோல் என்று வாங்கிய பெல்ட் ஒரே மழையில் உரிந்தது. பெட்டியைத் திறக்காமல் வாங்கிய செருப்பு இரண்டும் வலது காலுக்கு.

திங்கட்கிழமை காலை அவன் ஒரு தகரப் பெட்டியோடு அவள் அறைக்கு வந்தான்.

"இந்தத் தடவை ஏமாறலைக்கா."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன. செருப்பு எப்படி இருக்கு?"

"நீ முதல்ல பாரு. அப்புறம் வாயைத் திற."

பன்னிரண்டு வெள்ளிக் காசுகள். ஒரு பக்கம் குதிரைத் தலை, மறுபக்கம் தானியக் கதிர், ஓரத்தில் தேய்ந்த எழுத்து. எழுத்தின் இடுக்குகளில் மண். ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில். உறைக்குள் ஒரு பழுப்பு அட்டை. அட்டையில் வாங்கிய வருடமும் எடையும் மசியால் எழுதப்பட்டிருந்தன.

"ஒரே குடும்பத்துல அறுபது வருஷமா இருந்துச்சாம். பெரியவர் போயிட்டார். பிள்ளைங்களுக்கு இதுல ஆசை இல்ல. அட்டை இருக்கு பாரு. பேப்பர் இல்லாத காசைத் தொடவே மாட்டோம்னு சாப்பிடறப்பல்லாம் சொல்வியே."

"ரசீது?"

"வீட்டுல வித்தாங்கக்கா. கடையா, ரசீது போட?"

அடுத்த ஏலத்துக்கான பட்டியல் வியாழக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் அவள் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியை வாங்கி ரசீது கொடுத்தாள். அவன் போனதும் பன்னிரண்டையும் எடை போட்டுக் குறித்தாள். மண்ணை எடுக்கவில்லை. உடையவர் எழுதிக்கொடுக்காமல் சுத்தம் செய்வதில்லை என்பது அங்கே விதி.

செவ்வாயும் புதனும் பொய்யைத் தேடினாள். அச்சில் ஊற்றிய காசுக்கு விளிம்பைச் சுற்றி ஒரு தையல் இருக்கும். அதை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். விளிம்பில் தையலும் இல்லை, அரமும் இல்லை. ஊற்றிய வெள்ளியில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். இல்லை. ஒரே அசலை வைத்துப் பல போலிகள் செய்தால், அசலில் இருந்த கீறல் எல்லாவற்றிலும் அதே இடத்தில் வரும். பன்னிரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குதிரைக்கும் வேறு வேறு காயம். அடித்துச் செய்த பழங்காசுக்கே உரிய, சுத்தியலடியில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிய கோடுகள் லென்ஸில் தெளிவாகத் தெரிந்தன.

அசல். பன்னிரண்டும் அசல்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் அசலாகவே இருந்தன.

புதன் இரவு சாப்பாட்டில் வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, மச்சான் இந்தத் தடவை தேறிட்டானா?"

"தேறிட்டான். அதான் இடிக்குது."

வியாழன் காலை, அறிக்கைக்காக இரண்டாவது தடவை எடை போட்டாள். எழுதுவதற்கு முன் இன்னொரு முறை நிறுப்பது அவள் வழக்கம். முதல் காசு திங்களன்று 4.34 கிராம். இன்று 4.31.

தராசைச் சந்தேகப்பட்டாள். சோதனை எடைக்கல்லை வைத்தாள். தராசு சரி. தன் எழுத்தைச் சந்தேகப்பட்டாள். மற்ற பதினொன்றையும் நிறுத்தாள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தன.

வெள்ளி மூன்று நாளில் இளைக்காது. இளைத்தது மண்.

லென்ஸை மண்மேல் வைத்தாள். குதிரையின் பிடரியில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு வேர், இன்னும் வெள்ளையாக, வளைந்து கிடந்தது. குளிரூட்டிய அறையில் மண்ணின் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. அறுபது வருடம் அலமாரியில் இருந்த மண்ணில் ஏது ஈரம்?

அட்டையை எடுத்தாள். அறுபது வருடத்துக்கு முந்தைய எடை என்று அதில் இருந்தது 4.37.

அட்டை எழுதிய அன்று மண் இதைவிட ஈரமாக இருந்திருக்கிறது. அறுபது வருடம் அல்ல, ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

பன்னிரண்டு அட்டைகளையும் பரப்பினாள். ஒன்பது வெவ்வேறு வருடங்கள், ஒரே பேனா. ஏதோ பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பழைய தாளில் புது மசி கசிந்து மயிரிழை மயிரிழையாகப் பரவியிருந்தது. எல்லா எடையும் நாலில் ஆரம்பித்தது. அந்த நாலின் தலை மூடி, வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நாலை அவளுக்குத் தெரியும். சிலேட்டில் கையைப் பிடித்து எழுதவைத்தும் திருந்தாத நாலு.

தம்பி பன்னிரண்டரைக்கு வந்தான். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"என்ன, போலியா? சொல்லிடு. பழகிப்போச்சு."

"காசு நிஜம்."

"நிஜமாவா?" பாதி எழுந்துவிட்டான்.

"உக்காரு. அட்டை யார் எழுதினது?"

"அந்தப் பெரியவர்தான்."

"பெரியவருக்கு உன்னை மாதிரியே நாலு போட வருமா?"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவள் மூன்று எடைகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அவன் பக்கம் திருப்பினாள். வேரைக் காட்டினாள். அவன் லென்ஸில் பார்ப்பதுபோல் ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.

"வாடகைக்கார் டிரைவர் ஒருத்தன் குடுத்தான்கா. காலி தண்ணி பாட்டில்ல போட்டு வச்சிருந்தான். எங்கேன்னு நான் கேக்கல."

"கேக்கல. ஆனா அட்டை எழுதின."

"பேப்பர் இல்லாம நீ தொட மாட்டியே! போலியா இருந்தா அட்டை எப்படி இருந்தா என்ன, நீ தூக்கி எறிஞ்சிடுவ. நிஜமா இருந்தா பாவம், பேப்பர் இல்லாம போயிடக் கூடாதுன்னு..."

"காசு மேல அவ்வளவு பாவமா?"

அவன் லென்ஸை மேசையில் வைத்தான்.

"தோண்டி எடுத்ததை எல்லை தாண்டிக் கொண்டுவந்திருக்க. தொல்லியல் துறைக்குத் தெரிவிக்காம நாங்க இதைத் திருப்பிக்கூடத் தர முடியாது. தெரியுமா?"

"தெரிவிச்சா?"

"விசாரிப்பாங்க. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுப்பாங்க."

"பாஸ்போர்ட் இல்லன்னா எனக்கு வேலையே இல்லக்கா." குரலைத் தாழ்த்தினான். "போலின்னு எழுதிடு. பன்னிரண்டும் போலி. உன் கையெழுத்தை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. பெட்டியை எடுத்துட்டுப் போய் ஆத்துல போட்டுடறேன். சத்தியமா."

போட்டுவிடுவானா? இவள் போலி என்று எழுதிய காசை இன்னொரு ஊரில், இன்னொரு அட்டையோடு நீட்ட மாட்டானா? அவன் கண்களைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த கண்கள்தான். ஒன்றும் தெரியவில்லை.

அறிக்கைத் தாளை இழுத்தாள். முதல் வரிசை, முதல் காசு. பேனா தாளில் ஊன்றி நின்றது. போலி என்பதற்கு இரண்டே எழுத்து. பதினெட்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான தடவை எழுதிய சொல். கை தானாகவே எழுதிவிடும்.

"வாழ்க்கை பூரா எல்லாத்தையும் சந்தேகப்பட்டியே. எனக்காக ஒரே ஒரு தடவை சும்மா சந்தேகப்படக் கூடாதா?"

அவள் எழுத ஆரம்பித்தாள். அசல். அசல். அசல். பன்னிரண்டு முறை. பக்கத்துக் கட்டத்தில்: மண் புதியது, அட்டைகள் அண்மையில் எழுதப்பட்டவை. 'கொண்டுவந்தவர்' என்ற இடத்தில் அவன் முழுப்பெயர். அதன் கீழே 'பரிசோதித்தவருக்கு உறவு' என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. இதுவரை நிரப்பியதில்லை. 'உடன்பிறந்த தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவன் தாளைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தான்.

"முதலாளி மேலதான் இருக்கார். நீயே போய்ச் சொல்லு. தானா வந்து சொன்னவங்களை வேற மாதிரிதான் நடத்துவாங்க. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? உனக்குத்தான் ஒரு கெட்ட பேரும் இல்லையே."

"இனிமே இருக்கும். எழுந்திரு."

அவன் எழுந்தான். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். பிறகு, பழக்கத்தில், மேசையிலிருந்த தகரப் பெட்டிக்குக் கை நீட்டினான்.

"நான் எடுத்துட்டு வர்றேன்கா."

"வேணாம்" என்றாள். மூடியைத் திறந்து உறைகளை ஒருமுறை எண்ணினாள். பெட்டியைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனை முன்னால் நடக்கச் சொன்னாள்.