மொழியைச் சுவைத்த பற்கள்

அத்தையின் பல்செட் காணாமல் போய் மூன்று மாதம். அன்றிலிருந்து மசித்ததும் கரைத்ததும்தான் ஆகாரம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லும் போனதால், அவள் பேசுவதைப் பிறருக்கு விளக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. நேற்று செய்தித்தாளில் ஒரு படத்தைப் பார்த்தவள், இன்று காலை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போன இடம் மாமாவின் நினைவு இல்லம். மாமா பெரிய கவிஞர். அவர் செத்த மறுவாரமே நினைவு இல்லக் குழுவினர் வீட்டுக்கு வந்து, அவர் தொட்டது, துடைத்தது, துப்பியது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். குளியலறை அலமாரியையும் விட்டுவைக்கவில்லை.

முதல் அறையில் அவருடைய தலையணை. எண்ணெய்ப் பிசுக்கில் தலையின் வடிவம் அப்படியே இருந்தது. அதற்குத் தனி விளக்கு. அடுத்து சீப்பு, முடியோடு. பிறகு ஒரு சீசா நிறைய நகத்துண்டுகள். அதன் முன்னால் ஒரு பேராசிரியர் கண்மூடி நின்றிருந்தார். எனக்குக் குமட்டியது. பக்திக்கும் வாந்திக்கும் முகபாவம் ஒன்றே என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பதினேழாம் எண் பெட்டியில், சிவப்பு வெல்வெட்டின் மேல், அத்தையின் பல்செட். ‘மொழியைச் சுவைத்த பற்கள்’ என்றது அட்டை. இடுக்கில் ஒரு கீரைத் துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கும் ஒரு அம்புக்குறி: ‘கவிஞரின் கடைசி உணவு’.

“ஏ ஃபல்லு ஷெட்டுடா!”

“அவங்க பல்செட்டாம்” என்றேன் காப்பாளரிடம்.

“அம்மா துக்கத்துல இருக்காங்க தம்பி. இதை வெச்சு ரெண்டு பேர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியாச்சு.”

“மாமாவுக்குப் பல்செட்டே கிடையாதுங்க.”

“ஆதாரம்?”

அத்தை கண்ணாடி மூடியைத் தூக்கினாள். எடுத்தாள். கழுவவில்லை, துடைக்கவில்லை, அப்படியே வாயில் போட்டாள். கடக்கென்று உட்கார்ந்தது. பேராசிரியர் கர்ச்சீப்பைத் தேடினார்.

“அந்த ஆளுக்குக் கட்டையில போற வரைக்கும் முப்பத்திரெண்டும் இருந்துச்சுப்பா” என்றாள். என் உத்தியோகம் போயிற்று. “ஆதாரம்தானே கேட்ட?”

ரவிக்கையின் நீளக் கையைச் சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே பிறை பிறையாகத் தழும்புகள்.

“இது காப்பி ஆறிப்போச்சுன்னு. இது கவிதை எப்படின்னு கேட்டப்போ நான் கொட்டாவி விட்டேன்னு.”

எங்கள் வீட்டில் அதை நாய்க்கடி என்று சொல்லிவைத்திருந்தார்கள். இருபது வருடமாக அந்த நாயை நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

காப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்கப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

“அசல் பல் பதிவும்மா!” குரல் தழுதழுத்தது. “கையை அப்படியே வைங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பதினேழு காலியாத்தானே கிடக்கு?”

தழும்பை வெளிச்சத்துக்குத் திருப்ப விரலை நீட்டினார்.

“கிட்ட வாப்பா” என்றாள் அத்தை, பாசமாக.

அவள் எதையும் கடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.